சுரங்க வாயிலில் ஓர் அப்பம்

மலையை நிறுத்தி, அதன் வயிற்றில் வெள்ளியை ஒளித்து, முடியில் பனியைச் சூட்டிய பரம்பொருளை முதற்கண் வணங்குவோம்.

கொலராடோ மலையில், பனிச்சறுக்கு விடுதியின் மேலாளர் கொரின், அன்று காலை கடுங்கோபத்தோடு பழைய வெள்ளிச் சுரங்கத்தின் வாயிலுக்கு வந்தாள். பின்னால் இரும்புக் கதவைச் சுமந்தபடி இரண்டு பணியாளர்கள்.

வாயிலை மறித்து நின்றார் கிழவர் மெர்ல். சறுக்க வருவோரை உச்சிக்கு ஏற்றும் தொங்கு நாற்காலிகளை இயக்குபவர். அவர் காலடியில், துணியில் பொதிந்த இறைச்சி அப்பம் ஒன்று ஆவி பறக்க இருந்தது.

"மறுபடியுமா மெர்ல்? தீனி வெச்சு நரியைக் கூப்பிடறீங்கன்னு தங்க வர்றவங்க புகார் பண்றாங்க."

"நரிக்கு இல்லம்மா. உள்ள தட்டுற பூதங்களுக்கு. இந்தச் சுரங்கத்துல வேலை பாத்த உங்க தாத்தா வெக்கலையா?"

"அவர் தின்னு மிஞ்சின ஓரத்தை வெச்சார். நீங்க முழுசா வெக்கிறீங்க!"

"இந்தக் காலத்துப் பூதத்துக்குப் பசி அதிகம்."

பணியாளர்கள் சிரித்தார்கள். கொரின் சிரிக்கவில்லை.

"நகருங்க. இன்னிக்கே இந்த வாயை அடைச்சாகணும்."

"பனி உருகட்டும். அப்புறம் அடைச்சுக்கலாமே."

"ஏன், பூதம் வேற வீடு பாக்கணுமா?"

"ஆமா. இந்த ஊர்ல வீடு கெடைக்கிறது லேசா?"

"விளையாடாதீங்க. நகரலேன்னா உங்க வேலை போயிடும்."

"போகட்டும்மா."

அவ்வேளையில்தான் அது ஒலித்தது.

டொக். டொக். டொக்.

மலையின் அடிவயிற்றிலிருந்து, சுரங்க வண்டிகள் ஓடிய துருவேறிய தண்டவாளத்தின் வழியே வந்தது. பணியாளர்கள் கதவை நழுவவிட்டார்கள். பனி சுமந்த மரங்களும் மூச்சை அடக்கிக்கொண்டாற்போல் இருந்தது.

கொரினுக்குத் தாத்தா சொன்ன கதை நினைவுக்கு வந்தது. அன்றொரு நாள் பாறை சரியுமுன் இதே ஓசையைக் கேட்டு ஓடிவந்ததால்தான் அவள் தாத்தா பிழைத்தார். பூதம் தட்டினால் பணிந்து திருப்பித் தட்டவேண்டும் என்பது சுரங்கத்தார் வழக்கம்.

கற்ற கல்வியும் வகித்த பதவியும் அக்கணத்தில் கரைந்தன. தொப்பியைக் கழற்றினாள், பனியில் மண்டியிட்டாள், ஒரு கல்லை எடுத்தாள்.

"வேணாம்மா, தட்டாதீங்க!" என்று பதறினார் மெர்ல்.

"என் தாத்தாவைக் காப்பாத்தினவங்களே, தெரியாம பேசிட்டேன்" என்று வேண்டியபடி, தண்டவாளத்தில் மும்முறை தட்டினாள்.

உள்ளே காலடி ஓசை. இருளில் சிறு வெளிச்சம் ஒன்று அசைந்து அசைந்து வந்தது. கொரின் கைகூப்பினாள்.

வெளிப்பட்டது பூதம் அன்று. போர்வை சுற்றிய ஓர் இளம்பெண். விடுதி அறைகளைத் துப்புரவு செய்யும் யெசேனியா.

"வெளியே யாரும் இல்லேன்னாத்தானே திருப்பித் தட்டுவீங்க, மெர்ல்..." என்றவள், மண்டியிட்டிருந்த மேலாளரைக் கண்டு உறைந்தாள்.

கொரினின் கூப்பிய கரங்கள் அப்படியே நின்றன.

"மன்னிச்சிருங்க மேடம்" என்றாள் யெசேனியா. "வேலைக்குத்தான் கெளம்பிட்டேன். ஆள் வராம காலியா கெடக்கிற அறைகளைக்கூட நேத்தே துடைச்சு, மெத்தை விரிச்சு, கதகதப்பா வெச்சுட்டுத்தான் இங்க படுக்க வந்தேன்."

உள்ளிருந்து தட்டும் ஓசையைக் கேட்கும் செவியை, இக்கதை கேட்டார் அனைவர்க்கும் இறைவன் அருள்வானாக.