இடுப்புக்கு வரும் கால்

பாயில் குப்புறப் படுத்திருக்கிற சின்னவளுக்கு வாய் ஓயவே இல்லை. நாளைக்குக் கம்புச்சண்டைப் போட்டி; இடுப்பில் பிடிப்பு என்று தெரிந்தால் பயிற்சி கொடுக்கிற சொந்த அக்காவே மேடையேற விடமாட்டாள், பாருங்கள். அக்காவோ, போட்டிக்கு முந்தின நாள் வழக்கப்படி, உத்தரத்துக் கயிற்றில் பாதிப் பாரத்தைப் போட்டுக்கொண்டு, எண்ணெயில் பளபளக்கும் ஒற்றைக் காலால் தங்கையின் முதுகைத் தோளிலிருந்து வழித்துக்கொண்டே கீழே வருகிறாள். ஜன்னல் வெயில் கயிற்றின் நிழலை அந்த முதுகில் ஆட்டுகிறது. அடுப்பில் நொச்சியிலை வதங்குகிற வாசனை. "யானைகூட உன்னைவிட மெதுவா மிதிக்கும்க்கா." "அப்போ யானைகிட்ட போய்ப் படு." "மாமா எப்படித்தான் உன்கூட..." கால் இடுப்புக்கு வருகிறது. பேச்சு நிற்கிறது. சின்னவளின் விரல்கள் பாயின் ஓரத்தைப் பிய்க்கின்றன. கால் அழுத்தாமல் அங்கேயே இருக்கிறது. "என்னடி, மாமாவைப் பத்தி என்னமோ சொல்ல வந்த?" "ஒண்ணுமில்லக்கா." "பரவாயில்ல, சொல்லு." சின்னவள் பாயில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். அக்கா கயிற்றை விட்டுவிட்டு, வதங்கிய இலையைத் துணியில் முடிந்து எடுத்துவந்து, இடுப்பில் சூடாக வைக்கிறாள். "முதல்ல ஒத்தடம். அப்புறம் போட்டி நடத்துறவங்களுக்குப் போன் பண்ணி உன் பேரை எடுக்கச் சொல்றேன்." பாயோரம் கிடக்கிற அக்காவின் போனைச் சின்னவள் மெல்ல இழுத்துத் தன் வயிற்றுக்கடியில் வைத்துக்கொள்கிறாள்.