குறிக்குப் பதில் ஒரு வட்டம்

ஏமாற்றப்பட்டவள் நான். ஏமாற்றியவன் கூடப் பிறந்த அண்ணன்.

வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனியில் வேலை அவனுக்கு. துப்பாக்கியிலிருந்து கிளம்புகிற குண்டு எங்கே போய் விழ வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் உத்தியோகம். நான் ஹாஸ்டலிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் சேர்ந்து விளையாட, வீட்டுக்கென்றே ஒரு கேம் செய்திருந்தான்.

போன மாதம் வரை அதில் என்னை அசைக்க ஆளில்லை. இப்போது மூக்குக்கு நேரே நிற்கிற டப்பாவைக்கூட அடிக்க முடியவில்லை. அம்மா அடிக்கிறாள்.

"சரியாத்தான் குறி வச்சேன். குண்டு ஏன் பக்கத்துல போகுது?"

"நிஜத் துப்பாக்கியிலயும் கொஞ்சம் சிதறும்."

"போன மாசம் அது நிஜத் துப்பாக்கி இல்லையா?"

எழுந்து போய் அம்மாவுக்குக் காபி கொண்டுவந்து வைத்தான். அரை கப்.

"தோத்தா மட்டும் சட்டம் பேச வந்துடுவா," என்றாள் அம்மா. பல் டாக்டர். போதும் என்று சொல்லிக் கிளினிக்கை மூடியவள், வாயை மட்டும் மூடவில்லை.

நான் படிப்பது புள்ளியியல். சும்மா விடுவேனா? மவுஸை டேப் போட்டு மேசையோடு ஒட்டினேன். டிவி திரையில் எதிரே வெறும் சுவர். மவுஸ் இம்மியும் நகராமல் சுட்டுத் தள்ளினேன். ஒரே ஓட்டையில் விழ வேண்டிய குண்டுகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இறைந்து கிடந்தன.

"இதுக்கு என்ன சொல்றே?"

"குறி வைக்கிற இடத்தைச் சுத்தி ஒரு வட்டம். அதுக்குள்ள எங்க விழணும்னு ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும்."

"அப்ப பழகினவளுக்கு என்ன மரியாதை? குறி பாக்க நடுவுல இருந்த புள்ளியையும் எடுத்துட்டே. வட்டம் வேற தானா ஆடுது."

"எல்லாருக்கும்தானே ஆடுது?"

"அதைத்தான் அநியாயம்ங்கறேன். திறமையை ஒழிச்சுட்டு சமத்துவம் பேசாதே. புள்ளியைத் திருப்பி வை. இல்லேன்னா இனிமே நான் விளையாட வரல."

அவன் முகம் வாடிவிட்டது. அம்மாவை ஒருமுறை பார்த்தான். "சரி, மாத்திடறேன்," என்று உள்ளறைக்குப் போனான்.

அம்மா கப்பைக் கையில் எடுத்தாள். அந்த அரை கப் காபி விளிம்பு வரை ஏறி ஏறி இறங்கியது.

"புள்ளி இருந்தப்போ ஒரு நாள் பாதி ஆட்டத்துல எழுந்து போனேனே, ஞாபகம் இருக்கா?"

"அடுப்புல வேலையிருக்குன்னு போனே."

"அடுப்புல ஒண்ணும் இல்லடி. டிவியில என் புள்ளி மட்டும் நடுங்கிட்டே இருந்துச்சு. கிளினிக்கை மூட வச்ச அதே நடுக்கம். நீ டப்பாவைப் பாத்துட்டிருந்தே. அவன் புள்ளியைப் பாத்துட்டான். அடுத்த தடவை எல்லார் புள்ளியும் போய், தானா ஆடற வட்டம் வந்துடுச்சு."

உள்ளே கீபோர்டு தட்டும் சத்தம்.

"அண்ணா, மாத்தாதே," என்று குரல் கொடுத்தேன். "பழகிட்டா இதுவும் நல்லாத்தான் இருக்கு."

சத்தம் நின்றது.

"இத்தனையும் புரிஞ்சும் சும்மா இருக்கியேம்மா? அவன்கிட்ட ஒரு தேங்க்ஸாவது சொல்லக் கூடாதா?" என்று கிசுகிசுத்தேன்.

அம்மா என் பக்கம் குனிந்தாள்.

"சொன்னா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு ஆயிடும். என்னை ஏமாத்திட்டோம்னு அவன் சந்தோஷமா இருக்கான், இருக்கட்டும்டி. நீ அந்த டேப்பைப் பிச்சுட்டு, அடுத்த ஆட்டத்தைப் போடு."