வாசலில் நின்ற இருவர்

“எம் மவன க்ளாசுக்கு வெளிய நிக்க வச்ச டீச்சர் யாரு சார்? அவியள நான் இப்பவே பாக்கணும்.”

மும்பை சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்த ஜெயசீலிக்கு மூச்சு வாங்கியது. புகார் என்றாலே பிரின்சிபால் பத்ரிநாராயணனின் கை தானாக நெற்றிக்குப் போய்விடும். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, நாலாம் வகுப்பு டீச்சர் வந்தனாவைக் கூப்பிட்டனுப்பினார்.

வந்தனா முகம் வெளிறிப்போய் வந்தாள். செம்பூரில் இந்தப் பள்ளி வேலை கிடைத்ததே பெரும்பாடு. அடுத்த மாதம்தான் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்குள் இப்படி.

ஜெயசீலியின் மகன் டேனி, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை. எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து படிக்கட்டும் என்று இந்த ஜூனில்தான் நாலாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். அவனிடம் குரலை உயர்த்தக்கூடாது என்று மீட்டிங்கில் படித்துப் படித்துச் சொல்லியும், நேற்று வந்தனா கோபத்தில் அவனை வகுப்பு வாசலில் நிறுத்திவிட்டாள்.

“அரே வந்தனா, டேனியை வெளியில நிக்க வெச்சது நெஜமா?”

“ஆமா சார். கணக்கு நடத்தறச்சே அவனும் பக்கத்துல உக்கார்ற கேஷவும் பேசிண்டே இருந்தாங்க. சொல்லிப் பார்த்தேன், கேக்கலை.”

“ரெண்டு பேரையும் ஒண்ணாவா நிறுத்துனிய?” ஜெயசீலி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

“ஆமாம்மா. கொஞ்ச நேரம்தான்.”

“வெளியவாச்சும் சும்மா நின்னானா?”

“எங்கே! அங்கேயும் ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு.”

பிரின்சிபால் அவசரமாகக் குறுக்கே வந்தார். “கேஷவ் எப்பவுமே மஸ்தி, குறும்பு பண்றவன். அவன்தான் பேச்சுக் கொடுத்திருப்பான். டேனி பாவம், கேட்டுண்டு இருந்திருப்பான். அப்படித்தானே வந்தனா?”

தலையாட்டினால் போதும், வேலை தப்பிவிடும். ஆனால் செய்யாத தப்பைக் கேஷவ் தலையில் கட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

“இல்ல சார். டேனிதான் ஆரம்பிச்சான்.”

“எம் மவனா? நல்லாப் பாத்தியளா?” ஜெயசீலி எழுந்தே விட்டாள்.

“பார்த்தேம்மா. கேஷவ் கணக்குதான் போட்டுண்டிருந்தான். டேனிதான் தோளைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டான். இருந்தாலும் நான் நிறுத்தியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க.”

ஜெயசீலி உடைந்து அழத் தொடங்கினாள். பிரின்சிபால் பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினார்.

அவள் டம்ளரை ஒதுக்கிவிட்டு வந்தனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“முன்னால படிச்ச ஸ்கூல்லயெல்லாம் அவன மூலையில தனியாத்தான் டீச்சர் உக்கார வச்சிருந்தாவ. ஒரு புள்ள பக்கத்துல வராது. நேத்து வீட்டுக்கு வந்து, ‘கேஷவ், நான், வெளிய’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். நான் நம்பல. உங்க வாயாலயே கேக்கணும்னு ஓடி வந்தேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பைக்குள்ளிருந்து ஒரு பேடா டப்பாவை எடுத்துப் பிரித்தாள்.

“எம் மவனுக்கு மொத மொத ஒரு தோஸ்த் கெடச்சிருக்கான். வாயத் தொறங்க டீச்சர், மொத பேடா உங்களுக்குத்தான்!”