காக்கை வாங்கிய கேமரா

அன்று வேப்பமரத்தில் இருந்தவர்கள்: தாய்க் காக்கை ஒன்று, குஞ்சுகள் நான்கு, கேமரா விற்க வந்த அணில் ஒன்று. ஆக ஆறு பேர். தான் கொண்டுவந்த இரண்டு கேமராக்களிலும் அணில் குஞ்சுகளைப் படமெடுத்துக் காட்டியது.

"இது சின்ன சென்சார், அக்கா. நிழலில் நாலும் கரிக்கட்டையாகத்தான் விழும். இது பெரிய சென்சார். இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் அள்ளிக்கொள்ளும். இறகு இறகாக எண்ணலாம்."

பெரிய சென்சார் படத்தில் காக்கை எண்ணிப் பார்த்தது. மூன்று குஞ்சுகள் கறுப்பு. நான்காவதின் இறகில் வெள்ளைப் புள்ளிகள். அது குயிலின் பிள்ளை. காக்கைக்கு இப்போதுதான் தெரிந்தது.

அந்தக் குஞ்சு, "அம்மா, பசிக்குது" என்று வாயைத் திறந்தது. காக்கை ஒரு புழுவை ஊட்டிவிட்டுத் திரும்பியது.

"சின்ன சென்சாரையே கொடு, தம்பி."

"மங்கலாக இருக்குமே, அக்கா?"

"குடும்பப் படத்துக்கு அதுதான் சரி. அதில் நாலு பேரும் ஒரே சாடை."

அணில் பையைக் கட்டியது. மீதி, கேமரா ஒன்று.