பெனடிக்ற்றின் பூநாரைகள்

“உங்கட மனுசன் எங்கை? ஞாயிற்றுப் பூசையில ஆளைக் காணக் கிடைக்கிறதே இல்லை.”

மாக்கிரட் கோயில் வாசலில் வைத்துச் சத்தமாகத்தான் கேட்டாள்.

“வேலை வீட்டுக் கிழவரைக் கூட்டிக்கொண்டு குருவி பாக்கப் போறவர்” என்றாள் யோசப்பின்.

“குருவி பாக்கவோ? அந்தக் கிழவருக்குக் கண் தெரியாது எண்டெல்லோ சொன்னனீர்?”

பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யோசப்பினுக்கு முகம் சுட்டது.

கிழவர் சிஞோர் விதாலே. இத்தாலியில், பலெர்மோவில் மருந்துக்கடை வைத்திருந்தவர். மனைவி இல்லை. கண் மங்கிப் போனதும், மிலானோவில் இருக்கும் மகன் அவரைப் பார்த்துக்கொள்ள யோசப்பினின் புருசன் பெனடிக்ற்றை வேலைக்கு வைத்தான். கிழவருக்கு இளவயது முதல் ஒரே ஒரு பைத்தியம்: திராப்பானி உப்பளத்துக்கு வரும் பறவைகள். கண் போன பிறகும் அது போகவில்லை.

அடுத்த ஞாயிறு யோசப்பினும் காரில் ஏறி இருந்துவிட்டாள்.

“பூசை?” என்றான் பெனடிக்ற்.

“நான் சனி பின்னேரமே பூசை கண்டிட்டன். உங்கட குருவியை நானும் ஒருக்காப் பாப்பம்.”

உப்பளத்தில் காற்று ஆளைத் தள்ளியது. தண்ணீர், ஓடு போட்டு மூடின உப்புக் குவியல்கள், ஒரு நாய். வேறு ஒன்றும் இல்லை.

பெனடிக்ற் மடக்குக் கதிரையை விரித்துக் கிழவரை இருத்தினான். தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தான். உடனே துள்ளினான்.

“சிஞோரே! பூநாரைகள்! பெரிய கூட்டம்!”

கிழவரின் முகம் மலர்ந்தது. “என்ன செய்கின்றன?”

“ஒன்று ஒற்றைக் காலில் நின்று தூங்குகிறது. இன்னொன்று அதோடு சண்டை பிடிக்கிறது.”

“ஏன் சண்டை?”

“மனைவியாக இருக்கும், சிஞோரே.”

கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

யோசப்பின் தண்ணீரைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். வீட்டு வேலைகள் செய்து பழகின அளவுக்கு அவளுக்கும் இத்தாலியன் விளங்கும்.

“எங்கையப்பா பூநாரை?” என்று தமிழில் கேட்டாள்.

“மெல்லக் கதையும்.”

“ஏன், அவருக்குத் தமிழ் விளங்குமோ? மன்னாரில எங்கட வீட்டுக்குப் பின்னால கடல் முழுக்கப் பூநாரை நிண்டது. ஒரு நாளாவது திரும்பிப் பாத்தியளோ? இஞ்சை வந்து இல்லாததைப் பாக்கிறியள்!”

பெனடிக்ற் தூரக்கண்ணாடியை இறக்கினான்.

“முதல் முதல் வந்த அண்டைக்கு உள்ளதைத்தான் சொன்னனான். ஒண்டும் இல்லை எண்டு. அந்தாள் வீட்டை வந்து சாப்பாட்டுக் கோப்பையைத் தொடவே இல்லை. கண்ணும் போச்சு, குருவியும் போச்சு எண்டு அழுதார். அதுக்குப் பிறகு இஞ்சை குருவி வராத ஞாயிறே இல்லை.”

“பூசையை விடுறது ஒரு பாவம். கண் தெரியாத மனுசனை ஏமாத்திறது அதைவிடப் பெரிய பாவம். பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இனி நீங்கள் நற்கருணை எடுக்கேலாது, சொல்லிப்போட்டன்.”

“சரி, செய்யிறன்” என்றவன் உடனே கிழவர் பக்கம் திரும்பினான். “சிஞோரே, வாத்துகள்! எல்லாம் பச்சைத் தலை!”

யோசப்பின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“குளிர்கிறது, பெனடிக்ற். என் ஜாக்கெட் காரில் இருக்கிறது” என்றார் கிழவர்.

பெனடிக்ற் ஓடினான். கார் தூரத்தில் நின்றது.

இதுதான் தருணம் என்று யோசப்பினுக்குப் பட்டது. வேலை போனாலும் போகட்டும். தெரிந்த இத்தாலியனை எல்லாம் கூட்டிச் சேர்த்தாள்.

“சிஞோரே, மன்னிக்க வேண்டும். என் கணவர் நல்ல மனிதர். ஆனால் இங்கே பூநாரை இல்லை. வாத்து இல்லை. ஒரு நாய் மட்டும் நிற்கிறது.”

கிழவர் தலையைத் திருப்பவில்லை.

“இரண்டு” என்றார். “மற்றது அந்த உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது.”

யோசப்பின் திரும்பிப் பார்த்தாள். குவியலின் ஓரத்தில் ஒரு கறுத்த வால் ஆடிக்கொண்டிருந்தது.

“சிஞோரே! உங்களுக்கு...”

“மெதுவாக, சிஞோரா. கோடையில் கண்ணில் ஒப்பரேசன் செய்தார்கள். சரிவரவில்லை என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.”

“ஏன்?”

“கண் தெரிகிறது என்று அறிந்தால், இனி ஆள் எதற்கு என்பான் என் மகன். வேலை இல்லாமல் பெனடிக்ற்றுக்கு யார் நாட்டில் தங்கும் பெர்மெசோவைப் புதுப்பித்துக் கொடுப்பார்கள்? அவனுக்கு இல்லை என்றால் உங்களுக்கும் இல்லை. இரண்டு பேரும் இந்த நாட்டில் எப்படி இருப்பீர்கள்?”

யோசப்பின் கார் நின்ற பக்கம் பார்த்தாள்.

“அதோடு,” கிழவர் குரலைத் தாழ்த்தினார், “நான் இங்கே வாழ்நாள் முழுக்க வந்திருக்கிறேன். உங்கள் கணவர் காட்டுகிற அளவு பறவைகளை ஒருநாளும் கண்டதில்லை.”

பெனடிக்ற் ஜாக்கெட்டோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் வெளிறிப் போயிருந்தது.

“என்னப்பா அவரோட கதைச்சனீர்?”

யோசப்பின் ஜாக்கெட்டை வாங்கிக் கிழவருக்குப் போட்டுவிட்டாள். பொத்தான்களைப் பூட்டினாள். பிறகு அவரின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

“கொஞ்சம் நடப்போம், சிஞோரே. கவனம், முன்னால் பெரிய கல் ஒன்று கிடக்கிறது.”

அந்தப் பாதையில் கல் எதுவும் இருக்கவில்லை. கிழவர் காலை நன்றாக உயர்த்தி அதைத் தாண்டினார்.