இலைக்குள் ஓட்டம்

"எடீ ஷைபி, நகரு! மைக்ராஸ்கோப்பைக் கட்டிக்கிட்டே நிக்கிறியே, உன் வீட்டுச் சொத்தா?"

ஜெஸ்ஸியம்மா டீச்சர் அதட்ட, ப்ளஸ் ஒன் வகுப்பே சிரித்தது. ஷைபி அரையடி தள்ளி நின்றாள். கை மட்டும் கருவியை விடவில்லை.

டீச்சர் குனிந்து பார்த்தார். காலையில் வாய்க்காலில் பறித்த வேலம்பாசியின் இலை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பச்சை மணிகள் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறார். இன்றும் மூச்சுவிட மறந்துபோனது. துடுப்பில் சிக்கினால் வழித்து எறிகிற பாசிக்குள் இத்தனை ஓட்டமா!

"அம்மாடியோ, ஓடுது டீச்சர்!" அடுத்துக் குனிந்த ஆரோமல் கூவினான். வரிசையாக வந்து எல்லோரும் வாய் பிளந்தார்கள்.

பார்த்தவர்கள் ரெக்கார்டு நோட்டை நீட்டினார்கள். கண்ணால் பார்த்ததைத்தான் வரைய வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை. இது டீச்சரின் சட்டம். இன்று கடைசி நாள். கையெழுத்து இல்லாதவர் செய்முறைத் தேர்வு எழுத முடியாது.

"ஷைபி, உன் நோட்டு?"

பக்கம் காலியாக இருந்தது.

"பீரியட் பூரா அங்கேயே நின்னியே, ஒரு கோடுகூட இல்லை?"

"நான் இன்னும் பாக்கலை டீச்சர்."

"பொய் வேறயா? பெஞ்சுல போய் உக்காரு. கையெழுத்து கிடையாது."

ஷைபி தலைகுனிந்து போனாள்.

பாக்கி நின்ற மரியட் கண்ணை வைத்தாள். "டீச்சர், ஒண்ணுமே தெரியலை. பச்சையா புகை மாதிரி இருக்கு."

டீச்சர் வந்து மைக்ராஸ்கோப்பின் திருகைச் சுழற்றினார். தெளிந்தது. கையை எடுத்தார். குழாய் தானாக இறங்கியது. மறுபடி புகை.

"எப்போலேர்ந்து இப்படி?"

"ஓணம் லீவு முடிஞ்சதிலேர்ந்தே திருகு நிக்கலை டீச்சர்," என்றான் ஆரோமல். "ஷைபி பிடிச்சுக்குவா, நாங்க பாப்போம். நீங்க பாத்தப்பவும் அவதான் பிடிச்சிருந்தா."

டீச்சருக்குச் சுருக்கென்றது. "சொல்லியிருக்கலாமே மோளே?"

"இருக்கிறதே இது ஒண்ணுதான் டீச்சர். ரிப்பேருக்குப் போனா இந்த வருஷம் திரும்பாது. அதான்... என் முறை வர்றதுக்குள்ள மணி அடிச்சிடும்."

அப்போதே மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை.

டீச்சர் திருகை இறுகப் பிடித்துக்கொண்டார். "மணி கிடக்கட்டும். நீ பாரு."

ஷைபி குனிந்தாள். கண்ணை எடுக்காமலே கூவினாள்.

"டீச்சர்... இவங்க சொன்னது நிஜம். ஓடுது!"