எதிர்க்கடையில் இருப்பது

"எனக்கு உக்கார ஒரு நாற்காலி வேணும் சார்."

கேட்டேவிட்டேன்.

லீவு கேள், முன்பணம் கேள், பஸ் செலவுகூடக் கேள், உட்கார மட்டும் கேட்காதே என்று வேலையில் சேர்ந்த அன்றே அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். உட்காரக் கேட்பவளை வேலைக்கு ஆகாதவள் என்று முடிவு கட்டிவிடுவார்களாம். அம்மா இருபத்தாறு வருடமாகச் சலவைக்கடையில் நின்றபடியே இஸ்திரி போடுகிறாள். அவள் கெண்டைக்காலில் நரம்புகள் மண்புழு மாதிரிச் சுருண்டு கிடக்கின்றன.

நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. நானும் நிற்கிறேன்.

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. தன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். சாலைக்கு அந்தப் பக்கம் எதிர்க்கடை.

எங்களுக்குச் சிவப்புப் பலகை, அவர்களுக்குப் பச்சை. இரண்டுக்கும் ஊரெல்லாம் கிளை. எண்ணெய் விலையை அவர்கள் காலையில் குறைத்தால் நாங்கள் மதியத்துக்குள் குறைப்போம். அவர்கள் வாசலில் பலூன் கட்டினால் நாங்கள் கரடி வேஷம் போட்டு ஆளை நிறுத்துவோம். கரடியும் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும்.

வேவு பார்ப்பது என் பொறுப்பு. தினமும் கடை திறந்ததும் சீருடைச் சிவப்புச் சட்டையைக் கழற்றிவிட்டு எதிர்க்கடைக்குள் போவேன். கூடையில் ஒரு சோப்பைப் போட்டுக்கொண்டு, வாங்க வந்தவள் மாதிரிச் சுற்றுவேன். திரும்பி வந்து விலைத்தாளை நிரப்பி மேனேஜர் மேஜையில் வைப்பேன். அந்தத் தாளில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு: எதிர்க்கடையில் இருப்பது, நம்மிடம் இல்லாதது.

போன திங்கட்கிழமை அந்தக் கட்டத்தில் 'நாற்காலி' என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. இரண்டு வாங்கினால் மூன்றாவது பாதி விலை. வாசலில் ஆள் உயரத்துக்கு அடுக்கி, ஊழியர்கள் உட்காரக் கூடாது என்று ஒரு அட்டையும் மாட்டினார்கள்.

நான் எழுதியது எதிர்க்கடையில் பில் போடுகிறவள் உட்காரும் நாற்காலியை.

அவளை எனக்கு முன்பே தெரியும். கல்லூரியில் என் பின் பெஞ்ச். தூங்குமூஞ்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என் நோட்டைப் பார்த்து எழுதியே மூன்று வருடத்தையும் தாண்டியவள். இப்போது எதிர்க்கடையின் மூன்றாம் கவுண்டரில் பில் போடுகிறாள். நான் இங்கே மூன்றாம் கவுண்டர். நடுவில் இரண்டு கண்ணாடியும் ஒரு சாலையும்தான். நாள் முழுக்க அவள் முகத்தில்தான் நான் விழிக்க வேண்டும்.

அவள் உட்கார்ந்திருப்பதுகூடப் பரவாயில்லை. சுழல்வாள். ஒருவருக்குப் பில் போட்டு முடித்ததும் காலால் ஒரு உந்து உந்தி, அரை வட்டம் சுற்றி, அடுத்தவரைப் பார்த்துச் சிரிப்பாள். ஒரு நாளில் எத்தனை தடவை எழுந்திருக்கிறாள் என்று எண்ணியிருக்கிறேன். நான்கு. அதில் இரண்டு, சோம்பல் முறிக்க.

வயிறு எரிகிறது என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

நேற்று வேவு பார்க்கப் போனபோது, என் சோப்புக்குப் பில் போட்டுக்கொண்டே, "ஏய், பக்கத்து கவுண்டருக்கு ஆள் எடுக்குறாங்கடி. உன்னைப் பத்திச் சொல்லட்டுமா?" என்றாள்.

என் நோட்டைப் பார்த்து எழுதியவள் எனக்குச் சிபாரிசு. செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் காலி நாற்காலியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவளுடையதைவிட ஒரு விரல்கடை உயரம் குறைவு.

மேனேஜர் ஒருவழியாக என் பக்கம் திரும்பினார். இன்றைய விலைத்தாள் அவர் முழங்கைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

"பில் போடுறவங்க உக்காந்தா கஸ்டமருக்கு என்னம்மா மரியாதை? எதிர்க்கடையப் பாத்துப் பாத்துக் கெட்டுப்போற நீ."

"நீங்கதானே சார் தெனமும் பாத்துட்டு வரச் சொல்லி அனுப்புறீங்க."

அவருக்குக் காது சிவந்தது. கதவைக் காட்டினார். கவுண்டரில் கூட்டம் நிற்கிறதாம்.

அவர் முடியாது என்பார் என்று தெரிந்துதான் கேட்டேன். கேட்காமல் போயிருந்தால் அம்மா சொல் கேட்டு நடந்தவள் ஆகியிருப்பேன். அந்த ஒரு பெயர் எனக்கு வேண்டாம்.

சிவப்புச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றினேன். உள்ளே வேவு பார்க்கப் போகும் என் சட்டை. சிவப்பை நான்காக மடித்து அவர் மேஜையில் வைத்தேன். அம்மா மடிப்பு, ஓரம் பிசகாது.

வாசலில் ஒரு பெரியவர் அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை இறக்கி, உட்கார்ந்து, ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தாங்குமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. நாங்க உக்காந்து பாத்ததில்ல."

கதவு தானாகத் திறந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் அவள் சுழன்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் ஆட்டவில்லை. அந்த மாதிரி நாற்காலிகளில் உயரத்தை ஏற்ற அடியில் ஒரு கைப்பிடி இருக்கும். எந்தப் பக்கம் என்று மட்டும் பார்க்க வேண்டும்.

மேனேஜருக்கு இப்போது டீ வந்திருக்கும். டீயோடுதான் விலைத்தாளைப் படிப்பார். எண்ணெய், சோப்பு, பிஸ்கட் எல்லாம் தாண்டிக் கடைசிக் கட்டத்துக்கு வர எப்படியும் பத்து நிமிடம் ஆகும்.

எதிர்க்கடையில் இருப்பது, நம்மிடம் இல்லாதது.

அதற்கு நேரே, காலையிலேயே, என் பெயரை எழுதிவிட்டேன்.